மருந்தெடுக்கும் சாமியும் ஒரு தம்ளர் தண்ணீரும்

அந்தக் கோடையில் மயிலாப்பூரில் வயிறு உள்ளவர்கள் அத்தனை பேருக்கும் வயிற்றுக்குள் மருந்து இருந்தது.

டாக்டர் கொடுத்த மருந்தல்ல, இடுமருந்து. யாரோ ஒரு புண்ணியவதி சோற்றிலோ குழம்பிலோ கலந்து வைத்துவிடுவாளாம். அது குடலில் போய் ஒட்டிக்கொள்ளுமாம். செரிக்காதாம், வெளியே வராதாம். உள்ளே போனவன் நாளுக்கு நாள் இளைப்பானாம், வைத்தவள் சொன்னபடியெல்லாம் ஆடுவானாம். இத்தனை காரியமும் செய்கிற ஒரு மருந்து உண்மையிலேயே இருந்தால் வெள்ளைக்காரன் அதைப் புட்டியில் அடைத்துக் கப்பலில் ஏற்றியிருப்பான். அந்த யோசனை யாருக்கும் வரவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலாம் வருஷம், மே மாதம். வெயில் அப்படி.

அந்த மருந்தை எடுக்க வந்த மகான் பெயர் பஞ்சாட்சரம். சாந்தோம் கடற்கரைக்குப் போகிற வழியில் ஒரு காலி மனையில் கீற்றுப்பந்தல் போட்டு உட்கார்ந்திருந்தார். மலையாள தேசத்தில் பன்னிரண்டு வருஷம் குருகுலவாசம் செய்தவர். பன்னிரண்டு வருஷத்தில் மலையாளத்தில் ஒரு வார்த்தைகூடக் கற்றுக்கொள்ளாமல் திரும்பிய வைராக்கியசாலி. சைதாப்பேட்டைக்காரர்கள் சிலர் அந்தப் பன்னிரண்டு வருஷமும் அவரைத் தங்கள் சந்தையில் தினமும் பார்த்ததாகச் சொன்னார்கள். மகான்கள் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருப்பார்கள் என்று அதற்கும் பதில் தயாராக இருந்தது.

செவ்வாயும் வெள்ளியும் கூட்டம் தாங்காது. மாட வீதியிலிருந்து வக்கீல் வீட்டு மாமிகள் ரிக்ஷாவில் வந்தார்கள். குப்பத்திலிருந்து மீன்காரிகள் கூடையோடு வந்தார்கள். ராயப்பேட்டையிலிருந்து ஜைதூன் பீ தன் மகனை ஜட்கா வண்டியில் போட்டுக்கொண்டு வந்தாள். கிணற்றடியில் ஒருவர் பக்கத்தில் ஒருவர் நிற்காதவர்கள் அந்தப் பந்தலில் ஒரே பாயில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். சமத்துவத்துக்கு நம் ஊரில் இவ்வளவு சுலபமான வழி இருக்கிறது என்று அதுவரை யாருக்குத் தெரியும்!

பந்தலுக்கு நேர் எதிரே ஒரு தரும டிஸ்பென்சரி இருந்தது. அங்கே மருந்து இனாம். இனாமாகக் கிடைக்கிற மருந்தில் என்ன வீரியம் இருக்கும் என்று ஜனங்கள் அதை மதிப்பதில்லை. அந்த டிஸ்பென்சரியின் வாசலில், ஒரு பெரிய மண்பானைக்குப் பக்கத்தில், முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் லூர்துமேரி.

லூர்துமேரி சாந்தோம் பள்ளிக்கூட வாத்தியார் மகள். எல்.எம்.பி. என்கிற டாக்டர் படிப்பில் மூன்றாம் வருஷம். மூன்று மாதம் ஒரு டிஸ்பென்சரியில் கையால் வேலை பார்த்துப் பழகிவிட்டு வா என்று கல்லூரியில் அனுப்பியிருந்தார்கள். வரும்போது அவள் பெரிய பெரிய கனவுகளோடுதான் வந்தாள். காசத்தைக் கண்டுபிடிப்பது, காலராவைத் தடுப்பது, பத்திரிகையில் பெயர் வருவது. டிஸ்பென்சரியை நடத்திய டாக்டர் ஆலிஸ் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரு தம்ளரைக் கையில் கொடுத்தார்.

"வாசல்ல உட்காரும்மா. உள்ளே வர்றவங்க எல்லாரும் முதல்ல வாயைக் கொப்பளிக்கணும். அப்புறம் நாக்கைப் பார்த்து எழுதி என்கிட்ட அனுப்பு."

காரணம் இருந்தது. வருகிற நூறு பேரில் தொண்ணூறு பேர் வெற்றிலை வாயோடு வருவார்கள். அந்தச் சிவப்பில் நாக்கு வெளுத்திருக்கிறதா, தொண்டை புண்ணாயிருக்கிறதா, ஒன்றும் தெரியாது. அதனால் பானைத் தண்ணீரில் பெர்மாங்கனேட் இரண்டு கல் போட்டு, அந்த ரோஸ் தண்ணீரில் கொப்பளித்துத் துப்பிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். ஜில்லா கலெக்டரே வந்தாலும் அதுதான் சட்டம்.

ஆக, மனித உடம்பின் இருநூற்றுச் சொச்சம் எலும்புகளையும் தலைகீழாக ஒப்பிக்கத் தெரிந்த லூர்துமேரி, "கொப்பளி... துப்பு... ஆ சொல்லு" என்று ஐந்து வாரம் ஓட்டினாள். எலும்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஆனால் வாயைப் பற்றி அவளுக்குத் தெரியாதது ஒன்றும் மீதியில்லை. நடந்து வரும்போதே, இன்னாருக்குக் கடைவாயில் புகையிலை, இன்னாருக்கு ஈறு வீக்கம் என்று சொல்லிவிடுவாள்.

ஐந்தாம் வாரம் குப்பத்திலிருந்து தேசம்மா தன் மகன் சவரியை இழுத்துக்கொண்டு வந்தாள். தேசம்மா மீன்காரி. அவள் குரலுக்கு லஸ் கடைத்தெரு வரை மதிப்பு உண்டு.

"நான் இன்னாத்துக்கு வாய் கொப்ளிக்கணும்? வயித்து வலி அவனுக்கு!" என்று பானைக்கு முன்னால் நின்று கத்தினாள்.

"உள்ளே வர்ற எல்லாரும்தான், ஆத்தா."

"நானு இன்னா திருடியா? வாயைத் தொறந்து காட்றதுக்கு!"

கடைசியில் கொப்பளித்தாள். துப்பின தண்ணீர் லூர்துமேரியின் சேலை மேல் பாதி விழுந்தது. அது தற்செயல் என்று சொல்வதற்கில்லை.

சவரி கட்டுமரக்காரன். இருபத்து நாலு வயசு. ஒரு காலத்தில் அலையை எதிர்த்துத் துடுப்புப் போட்ட கை. இப்போது நான்கு படி ஏறினால் மூச்சு வாங்கியது. கண் இமையை விலக்கிப் பார்த்தால் வெள்ளைக் காகிதம். சுவர்ச் சுண்ணாம்பைப் பிய்த்துத் தின்கிறானாம். டாக்டர் ஆலிஸ் பார்த்துவிட்டு, "மலத்தைப் பரிசோதித்துச் சொல்லு" என்று லூர்துமேரியிடம் விட்டார். அவள் பூதக்கண்ணாடிக் குழாயில் கண்ணை வைத்து முக்கால் மணி நேரம் தேடினாள். மூக்கைப் பொத்திக்கொண்டு செய்ய வேண்டிய வேலையை மூக்கு இருப்பதையே மறந்து செய்தாள். கொக்கிப் புழுவின் முட்டை! நீள்வட்டமாக, மெல்லிய தோலோடு, பாடப்புத்தகத்தில் இருந்தபடியே. "கெடைச்சிருச்சு!" என்று அவள் கத்தியதில் கம்பவுண்டர் தங்கவேல் கையிலிருந்த மருந்துப் புட்டியைக் கீழே போட்டார்.

"நாளைக் காலையில வெறும் வயித்தோட கூட்டிட்டு வாங்க. பூச்சி மருந்து கொடுப்போம். சரியாப் போயிரும்" என்றாள் தேசம்மாவிடம்.

மறுநாள் சவரி வரவில்லை. அன்று வெள்ளிக்கிழமை. சவரி எதிர்ப் பந்தலில் படுத்திருந்தான்.

சாயங்காலம் டிஸ்பென்சரிக் கதவைச் சாத்தும் நேரத்தில் சவரியின் மனைவி ஜெசிந்தா வந்தாள். பத்தொன்பது வயசு, கல்யாணமாகி ஒன்பது மாதம். வந்தவள் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள்.

"அக்கா, சாமியாரு அவரு வயித்துலேர்ந்து உருண்டை எடுத்துட்டாருக்கா. கருப்பா, கொட்டைப்பாக்காட்டம். மீன் கொழம்புல வச்சது, புச்சா வந்த கையி வச்சதுன்னு சொல்ட்டாரு. இன்னும் ரெண்டு உருண்டை உள்ள கீதாம். செவ்வாக்கெழம ரெண்டாவத எடுக்கறாரு. அன்னிக்கே என்னைக் கோவளத்துல எங்கம்மா வூட்டுல வுட்டுட்டு வந்துடணும்னு அத்தை சொல்லிக்கினு கீது."

"நீ ஏதாவது வச்சியா?" என்று லூர்துமேரி கேட்டுவிட்டாள். கேட்ட உடனே தன் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஜெசிந்தா தலையைக் குனிந்தாள். "கஞ்சில மாதா கோயில் தீர்த்தம் ரெண்டு சொட்டு வுட்டேன். ஒடம்பு தேறட்டும்னு. யார்கிட்டயும் சொல்லல." கண்ணைத் துடைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்: "தீர்த்தம் உள்ள போயி கெட்டியா பூடுமா அக்கா?"

லூர்துமேரிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அந்தப் பெண் தன்னையே சந்தேகப்படுகிற அளவுக்கு அந்த உருண்டை வேலை செய்திருந்தது. கோபம்தான் வந்தது, பொல்லாத கோபம். ஒரு பெண்ணைத் தாய் வீட்டில் கொண்டுபோய்த் தள்ளிவிட்டால் அப்புறம் அவளை "புருஷனுக்கு மருந்து வச்சவ" என்றுதான் ஊர் கூப்பிடும். அவள் தங்கைக்கும் கல்யாணம் ஆகாது. இத்தனைக்கும் சாட்சி ஒரு கொட்டைப்பாக்கு அளவு அழுக்கு.

டாக்டர் ஆலிஸிடம் சொன்னாள். "விடிஞ்சா எனக்கு அறுபது பேர் காத்திருப்பாங்க. நீ தெருவுல போய் வம்பு பண்ணினா உன் சர்டிபிகேட்ல நான் என்ன எழுதுறது?" என்றார் அவர். கம்பவுண்டர் தங்கவேல் வாயே திறக்கவில்லை. காரணம் அப்புறம்தான் தெரிந்தது: போன செவ்வாய்க்கிழமை அவருக்கே ஒரு உருண்டை எடுத்திருந்தார்கள்.

மறுநாள் சனிக்கிழமை. பந்தலில் விசேஷப் பூஜை என்று தண்டோராப் போட்டிருந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் லூர்துமேரி தலையில் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்தாள்.

வக்கீல் வீட்டு ஜெயலக்ஷ்மி மாமி தன் பிள்ளையைப் பாயில் படுக்க வைத்தாள். "எங்காத்துல இவன் ஒரு வாய் சாதம் சாப்பிடறதில்லை, சுவாமி. ஆம்படையா சொன்னா மட்டும் கேட்டுண்டு, அவ பின்னாடியே சுத்திண்டிருக்கான்!"

கல்யாணமாகி இரண்டு மாதத்தில் ஒருவன் பெண்டாட்டி பின்னால் சுற்றுவதற்கு இடுமருந்து எதற்கு என்று லூர்துமேரி நினைத்துக்கொண்டாள். பஞ்சாட்சரம் அப்படி நினைக்கவில்லை. மளமளவென்று நாலு கேள்வி கேட்டார். பிறகு குருநாதரைக் கும்பிட்டு வருவதாகச் சொல்லித் திரைக்குப் பின்னால் போனார். வெளியே வந்தபோது மௌனம். மந்திரம் நாக்கில் நிற்கும்போது பேசினால் தலை சுக்கல் சுக்கலாகிவிடும் என்று சீடன் விளக்கினான். சாமி பித்தளைக் குழாயைப் பிள்ளையாண்டான் தொப்புளில் வைத்து வாயால் உறிஞ்சினார். உர்ரென்று உறுமினார். கண்ணை உருட்டினார். சாம்பல் போட்ட தட்டில் 'தூ' என்று துப்பினார். உருண்டை!

"வத்தக்குழம்பில் வைத்தது!" என்றார் சாமி. மௌனம் கலைந்துவிட்டது. குப்பத்துக்கு மீன்குழம்பு, மாட வீதிக்கு வத்தக்குழம்பு. அந்த விவரத்தில் சாமி தப்பே பண்ணமாட்டார். "புதிதாக வந்த கை வைத்தது!" அதிலும் தப்பு வராது. கூட்டிக்கொண்டு வந்து தட்சிணை வைப்பவள் மாமியார். மாமியார் வைத்த மருந்து என்று ஒன்று அவர் சரித்திரத்திலேயே கிடையாது.

எல்லோரும் தட்டைப் பார்த்தார்கள். லூர்துமேரி மட்டும் சாமியின் கன்னத்தைப் பார்த்தாள். ஐந்து வாரப் பழக்கம், கண் தானாக அங்கேதான் போயிற்று. திரைக்குள் போகுமுன் இரண்டு கன்னமும் ஒட்டியிருந்தன. வெளியே வந்தபோது வலது கன்னத்தில் ஒரு வீக்கம். துப்பிய பிறகு வீக்கம் இல்லை. கன்ன வீக்கம் ஐந்து நிமிஷத்தில் வடிகிற வியாதி எந்தப் புத்தகத்திலும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலிலேயே தேசம்மாவைப் பிடித்தாள்.

"ஆத்தா, செவ்வாக்கெழம தாராளமா எடுங்க. நான் குறுக்கே நிக்கல. ஒண்ணே ஒண்ணு. எடுக்கிறதுக்கு முந்தி சாமியார் வாய் கொப்பளிக்கட்டும்."

"இன்னாத்துக்கு? சாமியாரு இன்னா நோயாளியா?"

"நீங்களும் நோயாளி இல்லையே? உங்களைக் கொப்பளிக்க வச்சேனா இல்லியா?"

தேசம்மா யோசித்தாள். பகுத்தறிவு வேலை செய்தது என்று சொல்லி உங்களை ஏமாற்ற விரும்பவில்லை. வேலை செய்தது வயிற்றெரிச்சல். அத்தனை பேர் முன்னால் தான் அந்த ரோஸ் தண்ணீரைத் துப்பியது அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

"ஆமா, நானே கொப்ளிச்சேன். அவன் இன்னா மகாராஜாவா? கொப்ளிக்கட்டுமே!" என்றாள்.

செவ்வாய்க்கிழமை பந்தல் நிரம்பி வழிந்தது. சவரி பாயில் கிடந்தான். ஓரமாக ஜெசிந்தா துணி மூட்டையோடு நின்றாள். மத்தியானம் கோவளத்துக்கு வண்டி. லூர்துமேரி தம்ளரில் ரோஸ் தண்ணீரோடு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். தான் நினைத்தது தப்பாக இருந்துவிட்டால் சர்டிபிகேட் போகும், அது போகட்டும். இந்தப் பெண்ணின் வாழ்க்கையும் அல்லவா போய்விடும்!

சாமி திரைக்குள் போனார். வந்தார். வலது கன்னத்தில் வீக்கமும் வந்தது. லூர்துமேரி எழுந்து தம்ளரை நீட்டினாள்.

"சாமி, ஒரு வாய் கொப்பளிச்சிட்டுச் செய்யுங்க."

சாமி தலையை ஆட்டினார். சீடன் பாய்ந்து வந்தான். "மௌனம்! மௌனம்! பேசினா தலை வெடிச்சிடும்!"

"பேச வேணாம். கொப்பளிச்சாப் போதும். கொப்பளிச்சா எது வெடிக்கும்?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சாமி கையை உதறினார், கண்ணை உருட்டினார், லூர்துமேரியைச் சுட்டிக் காட்டி வெளியே போகும்படி சைகை செய்தார். கூட்டமும் அவளை அதட்ட ஆரம்பித்தது. அப்போது தேசம்மா எழுந்தாள்.

"டேய் நைனா! தண்ணி வேணான்னா வேணா. ஒம் பேரை மட்டும் சொல்லு."

சாமி தலையை மட்டும் ஆட்டினார்.

"பேருதான கேக்கறேன்? வாயைத் தொறந்து சொல்லேன். தலை வெடிச்சா நான் ஒட்டித் தரேன்!"

"பேரைச் சொல்லுங்கோ சுவாமி, என்ன இப்போ?" என்றாள் ஜெயலக்ஷ்மி மாமி. பேர் சொல்ல முடியாத சாமியை அவளும் பார்த்ததில்லை. "சொல்லுய்யா! சொல்லுய்யா!" என்று நாலா பக்கமும் குரல் எழுந்தது.

சாமியின் நெற்றியில் வேர்வை பூத்தது. திரைப்பக்கம் ஓரடி வைத்தார். அங்கே இரண்டு மீன்காரிகள் இடுப்பில் கை வைத்து நின்றார்கள். சாமி மேலே பார்த்தார், கீழே பார்த்தார். கழுத்தில் என்னமோ ஏறி இறங்கியது. கண் பிதுங்கியது.

"பஞ்சாட்சரம்!" என்றார்.

தலை வெடிக்கவில்லை. கன்னத்து வீக்கத்தைக் காணோம்.

"முழுங்கிட்டாரு!" என்றாள் லூர்துமேரி. "இப்போ கொப்பளிங்க." கொப்பளித்தார். ரோஸாகப் போனது ரோஸாகவே வெளியே வந்தது. "இப்போ எடுங்க மருந்தை."

வேறு வழியில்லை. பஞ்சாட்சரம் குழாயை வைத்து உறிஞ்சினார். கால் மணி நேரம் உறிஞ்சினார். முகம் பழுக்காய்ப் பாக்கு மாதிரி சிவந்தது. காற்றுதான் வந்தது. சவரி பாயில் புரண்டு புரண்டு சிரித்தான். "யம்மா! கூசுதும்மா! போதும்னு சொல்லும்மா!" அவன் சிரித்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

தேசம்மா திரையைப் பிய்த்து எறிந்தாள். உள்ளே குருநாதர் இல்லை. ஒரு மூக்குப்பொடி டப்பி இருந்தது. அதற்குள் பதினோரு உருண்டைகள், உருட்டித் தயாராக. தலைமயிர், விளக்குக் கரி, மெழுகு, கொஞ்சம் பெருங்காயம். இன்னும் பாயில் படுக்காதவர்கள் வயிற்றில் இருந்த மருந்து; இன்னும் கல்யாணமே ஆகாத மாட்டுப்பெண்கள் வைக்கப்போகிற மருந்து.

ஜெயலக்ஷ்மி மாமி தன் ரிக்ஷாவைக் கூப்பிட்டாள். கம்பவுண்டர் தங்கவேல் தான் வேறு ஜோலியாக வந்ததாக யாரும் கேட்காமலேயே சொன்னார். சீடனைக் காணவில்லை. பஞ்சாட்சரத்தை மீன்காரிகள் கவனிக்க ஆரம்பித்தபோது அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு லூர்துமேரியின் பக்கம் ஒண்டினார்.

"அம்மா, உள்ளே போனது... ஒண்ணும் பண்ணாதே?"

பாவம், அதில் என்னென்ன இருக்கிறது என்று அவருக்குத்தானே தெரியும்! தெருவைத் தாண்டி டிஸ்பென்சரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பானையடியில் கொப்பளிக்க வைத்து, நாக்கைப் பார்த்து, டாக்டர் ஆலிஸிடம் அனுப்பினாள். நல்ல அளவாக விளக்கெண்ணெய் கொடுத்தார்கள். நோட்டில் அவள் எழுதியது: "இடுமருந்து. வைத்தவரும் உண்டவரும் ஒருவரே." டாக்டர் ஆலிஸ் அதைப் படித்துவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஜெசிந்தாவிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. லூர்துமேரி எதிர்பார்த்துக்கொண்டு நின்றதுதான் மிச்சம். "அந்தப் பயல நான் மொதல்லியே நம்பல" என்று தேசம்மா ஊருக்கெல்லாம் சொன்னாள். பிறகு மருமகளைப் பார்த்து, "இன்னாடி மரமாட்டம் நிக்கற? மூட்டைய வூட்டுல போட்டுட்டு ஒலைய வையி" என்றாள். ஜெசிந்தா மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அந்த ஓட்டத்தைப் பார்த்தபோது லூர்துமேரிக்குக் கண் நிறைந்துவிட்டது.

மறுநாள் சவரி வெறும் வயிற்றோடு வந்தான். பூச்சி மருந்தும் பேதி உப்பும் கொடுத்தார்கள். வந்ததைச் சலித்துக் கழுவித் தட்டில் எடுத்தபோது, நூல் நூலாக, விரற்கடை நீளங்கூட இல்லாத புழுக்கள் எண்பதுக்கு மேல் இருந்தன. தேசம்மா தட்டைக் காட்டச் சொன்னாள். "அந்தச் சாமியாரு காட்னான், நீயும் காட்டு" என்றாள். அதில் நியாயம் இருந்தது, லூர்துமேரி காட்டினாள்.

தேசம்மா வெகுநேரம் பார்த்தாள்.

"இத்த யாரு வச்சாங்க?"

"யாரும் வைக்கல ஆத்தா. அசிங்கமான மண்ணுல வெறுங்கால்ல நடந்தா கால் வழியா ஏறிடும்."

"யாருமே வைக்காம எப்டி உள்ள வரும்?"

லூர்துமேரி மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள். படம் போட்டுக் காட்டினாள். பூதக்கண்ணாடிக் குழாயில் கண்ணை வைக்கச் சொன்னாள். தேசம்மா எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். வெளியே போகும்போது கம்பவுண்டர் தங்கவேலிடம் குரலைத் தாழ்த்தி, "பக்கத்து வூட்டுக்காரி மேல எனக்கு ஒரு சம்சயம் கீது" என்றாள். தங்கவேலும், "இருக்கும், இருக்கும்" என்றார்.

மூன்றாம் வாரம் சவரி கட்டுமரத்தில் கடலுக்குப் போனான். அந்த வாரமே கிண்டியில் ஒரு சாமி வந்திருக்கிறதாம், பல்லிலிருந்து புழு எடுக்கிறதாம் என்று மாட வீதியில் ரிக்ஷாக்கள் கிளம்பின.

நம் வயிற்றுக்குள் யார் என்ன வைத்தார்கள் என்று கேட்டுக்கொண்டு இவ்வளவு தூரம் அலைகிறோமே ஐயா, நம் தலைக்குள் யார் யார் என்னென்ன வைத்துவிட்டுப் போனார்கள் என்று ஒரு நாளாவது உட்கார்ந்து யோசித்திருக்கிறோமா? அதை எடுக்கக் குழாயும் வேண்டாம், சாமியும் வேண்டாம். ஆனால் அவரவர்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். கஷ்டம் அங்கேதான்.